கார்பன் நகலில் வந்த தேர்தல்

ஒரு நாட்டில் ஆட்சி கவிழ்ந்தால், அதன் தூதரகத்தில் இருப்பவர் சுவரிலிருந்து படத்தை மட்டும் இறக்க வேண்டும். ஆணியைப் பிடுங்கக் கூடாது. வரப்போகிறவருக்கும் அதே ஆணிதான்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு தூதரக அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர் ஒருவர் போன மாதம் தொலைபேசியில், “சார், எங்க ஆபீஸ் கன்ட்ரில கவர்ன்மென்ட் மாறிடுச்சு. உங்க காலத்துல இதுக்கு என்ன ப்ரொசீஜர்?” என்று கேட்டார். ‘ப்ரொசீஜர்’ என்ற சொல்லைக் கேட்டால் இப்போதும் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். ஒன்றரை மணி நேரம் பேசினேன். நடுவில் அவர் சாப்பிட்டு முடித்துத் தட்டையும் கழுவி வைத்துவிட்டார் என்பது சத்தத்தில் தெரிந்தது. அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பொறியியல் படிக்க டார்ம்ஸ்டாட் வந்தவன் நான். மூன்றாவது செமஸ்டரில் கணிதம் என்னைக் கைவிட்டது. நான் அதைக் கைவிட்டதாக வீட்டுக்கு எழுதினேன். ஜெர்மன் மட்டும் நன்றாக வந்தது. அப்போது மேற்கு ஜெர்மனியின் தலைநகராக இருந்த பானில் ஒரு தூதரகத்துக்கு ஆங்கிலமும் ஜெர்மனும் தட்டச்சும் தெரிந்த எழுத்தர் தேவை என்று விளம்பரம் பார்த்துப் போய்ச் சேர்ந்தேன். ஆப்பிரிக்காவில் ஒரு சிறிய நாட்டின் தூதரகம். பெயரை வெளியே சொல்வதில்லை என்று சேரும்போது கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தக் கையெழுத்து காலாவதியாகிவிட்டதாக எந்த விதியிலும் காணோம்.

விடுதலை கொடுத்துவிட்டுப் போனபோது பழைய ஆட்சியாளர்கள் அந்த நாட்டுக்கு விட்டுச்சென்ற உருப்படியான பொருள், தூதரக விதிப்புத்தகம். அதை நான் ஒரு குளிர்காலத்தில் மனப்பாடம் செய்தேன். யாரும் கேட்காமலே எல்லோருக்கும் சொன்னேன். தட்டச்சர் ஃபிராவ் லோரென்ஸ் என்ற அம்மையார், நான் வாசலில் நுழையும்போதே தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொள்வார். எதிர்முனையில் யாரும் இல்லை என்பது எனக்கு நான்கு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

என் மேலதிகாரி கான்சல். பாஸ்போர்ட், விசா, சான்றொப்பம் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் போகும். அந்த நாட்டுக்காரர், ஒல்லியானவர், நாற்பது வயதுக்கு மேல். எந்தத் தாளையும் ஜன்னலருகே நின்றுகொண்டுதான் படிப்பார். கையெழுத்திட மட்டும் உட்காருவார். அதுவும் காலை பதினொரு மணிக்கு. ஜெர்மன் அலுவலகங்களில் கையெழுத்துக்கென்று ஒரு தடித்த ஃபைல் உண்டு. உள்ளே மை ஒற்றும் அட்டைகள். ஒவ்வோர் அட்டையின் நடுவிலும் துளைகள். துளை வழியே பார்த்தால் அடியில் இன்னும் எத்தனை தாள் காத்திருக்கிறது என்று தெரியும். பத்து ஐம்பத்தெட்டுக்கு அதை அவர் மேஜையில் வைப்பேன். அவர் பேனாவைத் திறப்பார், போடுவார், ஒற்றுவார், புரட்டுவார். ஆமோதிப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. நான் விதியை விளக்கினால் முழுவதையும் கேட்டுவிட்டு, “கோப்பில் போடுங்கள்” என்பார். ஆட்சி மாற்றத்தின்போது உள்ளூர் ஊழியரின் கடமைகள் பற்றிப் பதினான்கு பக்கக் குறிப்பு ஒன்று எழுதிக் கொடுத்தேன். அதையும் கோப்பில் போடச் சொன்னார். எந்தக் கோப்பு என்று கேட்டேன். “பெரிய கோப்பில்” என்றார்.

அறுபதுகள் முடியும் நேரத்தில், தேர்தலில் வென்று வந்திருந்த அதிபர் சிகிச்சைக்காக வெளிநாடு போனார். அவர் திரும்புவதற்குள் தளபதி வானொலியில் பேசிவிட்டார். நாட்டில் ஒழுங்கை நிலைநாட்டும்வரை தாம் பொறுப்பில் இருக்கப்போவதாகச் சொன்னார். முதலில் அவர் ‘இடைக்காலக் குழுத் தலைவர்’. எட்டு மாதத்தில் ‘அரசின் தலைவர்’. இன்னும் கொஞ்ச நாளில், ஒரு செவ்வாய்க்கிழமை தந்தியில், ‘அதிபர்’. ஒவ்வொரு முறையும் புதிய முத்திரை செய்ய வேண்டும், புதிய கடிதத்தாள் அச்சடிக்க வேண்டும், ஜெர்மன் வெளியுறவு அமைச்சகத்துக்கு முறைப்படி எழுத வேண்டும். அவரைத் தேர்ந்தெடுத்தது யார் என்று எழுத எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. நானும் கேட்கவில்லை. என் கவலையெல்லாம், ‘ஜெனரல்’ என்பது ‘மேதகு’வுக்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்பதுதான். அதற்கு அமைச்சகத்துக்கு இரண்டு கடிதம் எழுதிப் பதிலும் வாங்கினேன். ஒரு நாடு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது நான் அதன் விலாசத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அவருடைய படம் அந்த நாட்டிலிருந்து வரும் தூதரக அஞ்சல் பையில் வந்தது. பழைய அதிபர் ஒடுங்கிய தோள்காரர்; படச்சட்டமும் அதற்கேற்ற அளவு. தளபதி அதில் அடங்கவில்லை. சட்டம் போடும் கடைக்காரர், “எந்தப் பக்கத்தை வெட்ட? இடது பக்கப் பதக்கமா, வலது பக்கப் பதக்கமா?” என்று கேட்டார். விதிப்புத்தகத்தில் வழி இல்லாத ஒரே கேள்வி. இரண்டு பக்கமும் சமமாக வெட்டச் சொன்னேன். அடுத்த ஆண்டு வந்த படத்தில் பதக்கங்கள் கூடியிருந்தன, கடைக்காரரும் பழகிவிட்டார்.

ஆண்டுக்கொருமுறை தேசிய தினம். அன்று பானில் எங்கள் தூதர் விருந்து கொடுப்பார். அதிபரின் வாழ்த்துரை ஆங்கிலத்தில் பையில் வரும். தூதர் அதை எழுந்து நின்று படிப்பார். ஜெர்மன் விருந்தினர்களுக்கு என் மொழிபெயர்ப்பை அச்சடித்துக் கொடுப்போம். நான் மொழிபெயர்ப்பேன், கான்சல் சரிபார்ப்பார். தூதருக்கு ஜெர்மன் தெரியாது.

உரை ஆண்டுதோறும் ஏறக்குறைய அதேதான். ஒழுங்கு, ஒற்றுமை, சாலைகள், கடைசியில் ஒரு வாக்கியம்: அடுத்த ஆண்டு தேர்தல் நடைபெறும். இரண்டாம் ஆண்டே நான் ஒரு சுலப வழி கண்டுபிடித்துவிட்டேன். போன ஆண்டின் கார்பன் நகலை எடுப்பேன், ஆங்கிலத்தில் மாறியிருக்கும் இடங்களைச் சிவப்பு பென்சிலால் திருத்துவேன், தட்டச்சுக்குக் கொடுப்பேன். இருபது நிமிட வேலை. இதை ஒரு திறமையாக நினைத்து ஃபிராவ் லோரென்ஸிடம் பீற்றியும் கொண்டேன்.

ஐந்தாம் ஆண்டு, ஆங்கில உரையில் அந்தக் கடைசி வாக்கியம் இல்லை. தளபதி இனி அதைச் சொல்லக்கூடத் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டார். நான் கடைசிப் பத்தியை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. நான்கு ஆண்டுகளாக மாறாத பத்தியை எதற்காகப் பார்ப்பது? பிழைதிருத்தம் பற்றி அலுவலகத்துக்கே தனிக் குறிப்பு எழுதிக் கொடுத்த ஆள் நான். ஆகவே ஆங்கிலத்தில் தேர்தல் இல்லை. ஜெர்மனில், அழகிய தாளில், இருநூறு பிரதிகளில், தேர்தல் அடுத்த ஆண்டு. மறுநாள் ஓர் உள்ளூர்ப் பத்திரிகை அதை இரண்டு வரியில் போட்டது.

அடுத்த திங்கட்கிழமை, டார்ம்ஸ்டாட்டிலிருந்தும் ஹனோவரிலிருந்தும் பதினொரு மாணவர்கள் ரயிலேறி வந்துவிட்டார்கள். எல்லோரும் அந்த நாட்டுக் குடிமக்கள். அவர்களில் ஒருவன் யோகன். யாழ்ப்பாணத்துக்காரன், தாயும் தகப்பனும் ஆசிரியர் வேலைக்காக அந்த நாட்டுக்குப் போய், அங்கேயே குடியுரிமை வாங்கியவர்கள். கையில் பத்திரிகைத் துண்டு.

“அண்ணை, உண்மையா எலெக்‌ஷன் வைக்கப் போறாங்களோ?”

“டெக்ஸ்ட்ல இருக்கே தம்பி. பிரிண்டே ஆயிருக்கு.”

“வெளியில இருக்கிற எங்களுக்கும் வோட் இருக்கோ?”

எனக்கு அன்று எத்தனை சந்தோஷம் என்று சொல்ல முடியாது. என் பணிக்காலத்தில் முதல் முறையாக ஒருவர் தாமாக வந்து நடைமுறை கேட்கிறார். விதிப்புத்தகத்தில் வெளிநாடு வாழ் வாக்காளர் பதிவேடு என்று ஓர் அத்தியாயமே இருந்தது. யாரும் அதைத் திறந்ததில்லை. நான் திறந்தேன். புதிய நோட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், ஜெர்மன் முகவரி, எந்தத் தொகுதி என்று நிர்ணயிக்கச் சொந்த நாட்டில் பெற்றோரின் முகவரி. பதினொரு பேரும் வரிசையில் நின்று எழுதிவிட்டுப் போனார்கள்.

“எங்கட நாட்டில பத்து நாள் அலைஞ்சாலும் நடக்காத வேலை, அண்ணை. பத்து நிமிசத்தில முடிச்சிட்டியள்” என்றான் யோகன். அந்தப் பாராட்டை நான் இரண்டு நாள் மென்றுகொண்டிருந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். மாதாந்திர அறிக்கையில் ‘வாக்காளர் பதிவு’ என்று ஒரு வரி உண்டு. அதுவரை எப்போதும் கோடு போட்டு அனுப்புவேன். அந்த மாதம் ‘11’ என்று எழுதினேன்.

அந்த நாட்டுத் தலைநகரிலிருந்து தந்தி வந்தது. “எந்தத் தேர்தல்? பெயர்களை அனுப்பவும்.”

அப்போதுதான் ஆங்கில உரையை எடுத்துப் பார்த்தேன். ஒரு முறை, இரண்டு முறை, பின்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்த்தேன். வாக்கியம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு என்ன செய்தேன்? உண்மையைச் சொல்கிறேன்: தந்திக்குப் பதில் தயாரித்தேன். கேட்டது பட்டியல், பட்டியலின் நகலுக்குக் கான்சலின் சான்றொப்பம் வேண்டும். பதினொரு பெயரையும் பிழையின்றித் தட்டச்சு செய்து கையெழுத்து ஃபைலில் வைத்தேன். என் தவறைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை.

பதினொரு மணிக்குப் பிறகு ஃபைல் திரும்பி வந்தது. எல்லாத் தாளிலும் கையெழுத்து. பட்டியலில் மட்டும் இல்லை. மறுநாள் மறுபடி வைத்தேன். மறுபடி அப்படியே வந்தது. மூன்றாம் நாள், அட்டையின் துளை வழியே அவருக்குத் தெரியவில்லை போலும் என்று எண்ணி, உள்ளே போய், “சார், ஒரு தாள் விட்டுப்போய்விட்டது” என்றேன்.

அவர் பேனாவை மூடினார். “விட்டுப்போகவில்லை” என்றார்.

அந்தப் பதிலின் பொருள் புரிய எனக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று. விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்தவன் நான்.

அந்த வாரமே யோகன் தனியாக வந்தான். முகம் வெளுத்திருந்தது. தகப்பன் கடிதம் எழுதியிருந்தார். அவரோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவரை வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். லண்டனில் படிக்கும் அவருடைய மகன் ஏதோ மனுவில் கையெழுத்துப் போட்டானாம். ஆள் இன்னும் வீடு திரும்பவில்லை.

“அண்ணை, என்ரை பேரை வெட்டிவிடுங்கோ. மற்றாக்களின்ரையையும் வெட்டிவிடுங்கோ. அதில அப்பான்ர விலாசமெல்லாம் கிடக்கு.”

“தம்பி, ரெஜிஸ்டர்ல அப்படி வெட்ட முடியாது. ஒரே ஒரு கோடுதான் போடலாம். கீழே இருக்கிறது ரீட் பண்ற மாதிரி இருக்கணும். பக்கத்துல இனிஷியல் போடணும்.”

“வெட்டின பிறகும் வாசிக்கலாமெண்டால் பிறகென்னத்துக்கு அண்ணை வெட்டுறது?”

“ரூல் தம்பி.”

“அப்ப பக்கத்தைக் கிழியுங்கோ.”

“பேஜ் நம்பர் போட்டிருக்கேன்.”

“கடவுளே! நம்பரும் போட்டிருக்கிறியளோ?” அவன் சிரித்தான். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டான். “உங்களை நம்பித்தானே எழுதினனாங்கள். அந்த ஜெனரலை ஆர் நம்பினது?”

அவன் போன பிறகு விதிப்புத்தகத்தைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த பிரார்த்தனை அது ஒன்றுதான். பதிவேடுகள் அத்தியாயத்தின் கடைசியில் ஒரு சிறு பிரிவு: உரிய அதிகாரமின்றித் தொடங்கப்பட்ட பதிவேடு செல்லாது, காரணத்தை எழுத்தில் பதிந்து, பிரிவின் தலைமை அதிகாரியான கான்சலின் உத்தரவுடன், இரு சாட்சிகள் முன்னிலையில் அழிக்கலாம்.

வழி இருந்தது. காரணத்தை எழுதினால் போதும். தேர்தல் என்று ஒன்று அறிவிக்கப்படவே இல்லை, மொழிபெயர்ப்பில் நான் பிழை செய்துவிட்டேன், எனவே பதிவேட்டுக்கு ஆதாரமே இல்லை. மூன்று வரி.

அந்த மூன்று வரியை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில் தயங்கினேன் என்றால் கேட்பவர்கள் இரக்கப்படுவார்கள். அதற்கு எனக்கு அருகதை இல்லை. வேலை போகும் என்று முதல் நாளே தெரிந்து மனதைத் தேற்றிக்கொண்டேன். ‘பிழை’ என்ற சொல்லை என் பெயருக்குப் பக்கத்தில் தட்டச்சு செய்யத்தான் விரல் வரவில்லை. பதினொரு குடும்பங்கள் ஒரு பக்கம், என் பெருமை ஒரு பக்கம். மூன்று நாள் தராசு ஆடிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. இதற்கிடையில் இரண்டாவது தந்தி வந்தது: பட்டியலைப் பெற்றுக்கொள்ள அடுத்த வாரம் ஓர் அதிகாரி நேரில் வருகிறார்.

நான்காம் நாள் எழுதி ஃபைலில் வைத்தேன். என் வாழ்க்கையிலேயே சிறிய குறிப்பு. கான்சல் அதை ஜன்னலருகே நின்று படித்தார். உட்கார்ந்தார். என் கையெழுத்துக்குக் கீழே தம் கையால் ஒரு வரி சேர்த்தார்: “மொழிபெயர்ப்பைச் சரிபார்த்து அனுமதித்தவன் நான்.” அதன் கீழே கையெழுத்து, ஒற்றல். பிறகு, “கொதிகலன் எரிகிறதா?” என்று கேட்டார்.

நிலவறையில் கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலன் இருந்தது. நாங்கள் இருவரும், இரண்டாம் சாட்சியாக ஃபிராவ் லோரென்ஸும் இறங்கினோம். நான் நோட்டை அப்படியே உள்ளே போடப் போனேன்.

“ஹெர் சுந்தரம், அட்டையைப் பிரித்துவிட்டுப் போடுங்கள். தாள் எரியும், அட்டை புகையும். மேலே தூதர் இருமுவார்” என்றார் ஃபிராவ் லோரென்ஸ். அட்டையைப் பிரித்தேன். பட்டியலின் நகலும், அதன் கார்பன் நகலும், கடைசியில் கார்பன் தாளும் போயின. பெயர்கள் அதிலும் பதிந்திருக்கும் என்று சொன்னதும் அவர்தான், எனக்குத் தோன்றவில்லை. அழிப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் மேலே போனார்.

கான்சல் கொதிகலனைப் பார்த்துக்கொண்டே நின்றார். “அந்த வாக்கியத்தை வேண்டுமென்றே போட்டீர்களா?”

“இல்லை சார். கவனக்குறைவு.”

“அப்படியா. உங்களைத் தைரியசாலி என்று நினைத்துவிட்டேன்.” கொதிகலனின் கதவைச் சாத்திவிட்டு, “நான் கவனித்தேன். ஆங்கிலத்தில் இல்லை என்று தெரியும். ஜெர்மனில் படித்தபோது கேட்க நன்றாக இருந்தது. அடிக்க மனம் வரவில்லை. பிள்ளைகள் வந்து நிற்பார்கள் என்று நினைக்கவில்லை” என்றார்.

ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

குறிப்பு தந்தியில் தலைநகர் போனது. இரண்டே நாளில் கான்சலைத் திரும்பி வரச் சொல்லித் தந்தி. திரும்பிப் போனவர்களுக்கு என்ன ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். வரவிருந்த அதிகாரியின் விமானம் திங்கட்கிழமை. அது புதன்கிழமை. வெள்ளியன்று பதினொரு பேரும் பாஸ்போர்ட்டுடன் வரும்படி சொல்லியனுப்பினேன். அந்த ஒரு நாள் மட்டும் கான்சல் காலை எட்டு மணிக்கே பேனாவைத் திறந்தார். ஒவ்வொன்றையும் விதி அனுமதித்த அதிகபட்சக் காலத்துக்கு நீட்டித்தார். பாஸ்போர்ட் இருக்கும்வரை ஜெர்மன்காரர்கள் தங்கும் அனுமதி கொடுப்பார்கள்.

யோகன் மேஜை முன் நின்று தடுமாறினான். “அண்ணை, இவருக்கு நன்றியெண்டு எப்பிடிச் சொல்லுறது?”

நான் ஆங்கிலத்தில் சொல்வதற்குள் கான்சல் ஒற்றிமுடித்து, “அடுத்தவர்” என்றார்.

பதினோராவது ஆள் போனதும், “இன்னும் ஒரு புதிய பாஸ்போர்ட் கொண்டுவாருங்கள்” என்றார். அவரிடம் இருந்தது தூதரகப் பாஸ்போர்ட். தலைநகர் ஒரு தந்தியில் அதை ரத்து செய்துவிடும். சாதாரணக் குடிமகனுக்கான பாஸ்போர்ட்டைத் தமக்கே விண்ணப்பித்தார். விண்ணப்பதாரர் கையெழுத்து அவருடையது. வழங்கும் அதிகாரியின் கையெழுத்தும் அவருடையது.

“தனக்குத்தானே வழங்கிக்கொள்ள விதியில் தடை உண்டா?”

“தேடிப் பார்த்துவிட்டேன் சார். இல்லை.”

“இப்படி ஒருவன் செய்வான் என்று எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்” என்றார். அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சொன்னாரா, சுவரிலிருந்த படத்தைப் பார்த்தா என்று நான் கவனிக்கவில்லை. மை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வந்த அதிகாரி என் குறிப்பையும் அழிப்புச் சான்றிதழையும் இரண்டு முறை படித்தார். எல்லாம் விதிப்படி இருந்தது. விதிப்படியே என்னை வேலையிலிருந்து நீக்கினார். யோகனின் பெற்றோர் பள்ளி விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போனார்கள், திரும்பவில்லை. தளபதி மேலும் சில ஆண்டுகள் இருந்தார். பிறகு ஒரு கர்னல் வானொலிக்குப் போனார்.

இரண்டு வாரம் கழித்துக் கான்சல் தொலைபேசியில் அழைத்து, தங்கும் அனுமதி கேட்க அயல்நாட்டவர் அலுவலகத்துக்குப் போகிறேன், மொழிபெயர்க்க வர முடியுமா என்று கேட்டார். அவருக்கு என்னைவிட நல்ல ஜெர்மன் தெரியும். போனேன். மர பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருந்தவர் வயதான அதிகாரி. பாஸ்போர்ட்டைப் புரட்டினார், நிறுத்தினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

“வழங்கியவர் கையெழுத்தும், வைத்திருப்பவர் கையெழுத்தும் ஒன்றாக இருக்கிறதே?”

“ஒருவர்தான்” என்றார் கான்சல்.

“தமக்குத் தாமே கொடுத்துக்கொண்டால் எப்படிச் செல்லும்?”

கான்சல் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன்: “இவருடைய நாட்டு அதிபரைத் தேர்ந்தெடுத்தவரும் அந்த அதிபரேதான். அவரை உங்கள் அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவர் கையெழுத்து செல்லுமென்றால், இதுவும் செல்ல வேண்டும்.”

அந்த அதிகாரி பாஸ்போர்ட்டை மூடி வைத்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, “படிவத்தில் எல்லாக் கட்டங்களும் நிரப்பியிருக்கிறதா?” என்று கேட்டார். நிரப்பியிருக்கிறது என்றேன். இரண்டு வருடத்துக்கு அனுமதி குத்திக் கொடுத்தார்.

படியிறங்கும்போது கான்சல், “ஓர் அரசு இன்னொரு நாட்டைத்தான் அங்கீகரிக்கிறது, அதை ஆள்பவரை அல்ல. நீங்கள் சொன்ன வாதம் சட்டப்படி தவறு” என்றார்.

“தெரியும் சார்” என்றேன்.

என் பணி வாழ்க்கையில் நான் தெரிந்தே செய்த தவறு அது ஒன்றுதான். அதைச் செய்தபோது நான் வேலையிலேயே இல்லை.